யாரென்று கேட்காத கரிச்சான்

கரிச்சான் குருவி சொன்னதை முள்ளம்பன்றி ஏழு மழைக்காலம் நம்பவில்லை.

“யாரோ கேட்டாங்க. குடுத்தேன். அவ்வளவுதான்.”

அன்றைக்குக் கரிச்சான் சொன்னது இவ்வளவே. முள்ளம்பன்றி இதைத் தினமும் புரட்டிப் புரட்டிப் பார்த்தது. இதற்குப் பின்னால் ஒரு சதி இருக்க வேண்டும், கரிச்சானும் மலைப்பாம்பும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. சதி என்று நினைத்தால் கொஞ்சம் தூக்கம் வந்தது. சதி இல்லையென்றால் வேறு ஒன்றை யோசிக்க வேண்டியிருந்தது.

நடந்தது இதுதான்.

மலை முகட்டில் மஞ்சுச்சோலை என்று ஒரு காடு. ஆடி பிறந்தால் அங்கே மூடுபனி இறங்கிவிடும். மூன்று மாதம் நகராது. பட்டப்பகலிலும் எதிரே நிற்பவர் முகம் தெரியாது. கால் மட்டும் தெரியும். சில நாள் காலும் தெரியாது. அந்த மூன்று மாதமும் மஞ்சுச்சோலையில் குரல்தான் முகம்.

ஒருவர் வேலைக்கு இன்னொருவர் வேண்டும். பொந்து போட மரங்கொத்தி. ஓடையின் ஆழம் பார்த்துச் சொல்ல நீர்நாய். உச்சிக்கிளைப் பழத்தை உதிர்க்க மலையணில். கிழங்கு தோண்ட முள்ளம்பன்றி. வேண்டியவர் வேண்டியவரைக் கத்திக் கூப்பிடுவார். பனிக்குள் எல்லாரும் எல்லாரையும் கூப்பிட்டால் என்ன ஆகும்? மரங்கொத்தியைக் கூப்பிட்டால் இருவாச்சி வந்து நிற்கும். கிழங்கு கேட்டவருக்குப் பழம் வந்து மண்டையில் விழும்.

“ஒரே நேரத்துல ஒன்பது பேர் கூப்பிடுறீங்க. எனக்கு இருக்கிறது ஒரு அலகு” என்று மரங்கொத்தி ஒருநாள் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டது.

மலையணில்தான் கூட்டம் கூட்டியது. இரண்டு மலைச்சரிவும் சந்திக்கும் இடத்தில் இடுக்குப் பாறை என்று ஒரு பாறை. எல்லாரும் அங்கே வந்தார்கள்.

“இனிமே யாரும் யாரையும் நேராக் கூப்பிட வேண்டாம்” என்றது மலையணில். “இந்தப் பாறையில ஒரு ஆளை வைப்போம். என்ன வேணும்னாலும் அந்த ஆள்கிட்டச் சொல்லுங்க. யாரைக் கூப்பிடணுமோ அந்த ஆள் கூப்பிடும்.”

“எந்த ஆள்?” என்றது நீர்நாய்.

“அதை அண்ணன் பார்த்துச் சொல்லட்டும்.”

மலையணில் காட்டிய அண்ணன், முள்ளம்பன்றி. அது லேசில் யாரையும் நம்பாது. அதன் பெண்டாட்டி போன மழைக்காலத்தில் சிறுத்தைக்கு இரையாகிவிட்டது. இரண்டு பெண் குட்டிகள். வெளியே போகும்போது வளையின் வாயை உள்ளிருந்து கல்லால் அடைத்துக்கொள்ளச் சொல்லும். திரும்பி வந்ததும் வால் முட்களை மூன்று தடவை கலகலவென்று ஆட்டும். ஒரு மூச்சு விடும். மறுபடி ஒரு தடவை ஆட்டும். அந்தச் சத்தத்துக்கு மட்டும்தான் கல் உருளும். இவ்வளவு எச்சரிக்கையான ஆளைவிட வேறு யாரை நம்பி இந்தப் பொறுப்பைக் கொடுப்பது?

மூவர் போட்டிக்கு வந்தார்கள். சிலந்தி, ஆமை, கரிச்சான்.

முள்ளம்பன்றி ஒரு பரீட்சை வைத்தது. ஆளுக்கு ஒரு நாள். ஒரு நாளைக்கு நூறு வேலை. கேட்டது நடக்காமல் போனால் அவருக்கென்று தோண்டிய குழியில் ஒரு நாவல்கொட்டை. யார் குழியில் கொட்டை குறைவோ அவருக்குப் பாறை.

சிலந்தி எல்லார் வீட்டுக்கும் ஒரு நூல் கட்டியது. நூலை இழுத்தால் போதும், வேண்டியவர் வந்துவிடுவார் என்றது. மதியம்வரை நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு கேளையாடு கொட்டாவி விட்டுக்கொண்டே அந்தப் பக்கம் நடந்து போனது. பாதிக் காட்டின் நூல் அதன் கொம்பில் தொங்கியது.

“உன் நூல் பேசுறதுக்கா, பூச்சி பிடிக்கிறதுக்கா?” என்று இருவாச்சி கேட்டது. சிலந்தி மிச்ச நூலைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது.

ஆமையின் முறை வந்தது. அது தன் ஓட்டைப் பாறையில் தட்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண்ணிக்கை. ஆனால் தட்டுவதற்கு முன்னால் ஆயிரம் கேள்வி.

“மரங்கொத்தி வேணும்” என்றது முயல்.

“எதுக்கு?”

“எதுக்கோ. உனக்கென்ன ஆமையக்கா?”

“எதுக்குன்னு சொல்லு. அப்புறம் உன் முடியில ஒண்ணு பிடுங்கி இங்க வை. மரங்கொத்தி வந்தா அதைப் பார்த்துட்டுத்தான் உன்கூட வரும். வேலை முடிஞ்சதும் அதை நான் புதைச்சிருவேன். அடுத்த வேலைக்கு அடுத்த முடி.”

“இப்படியே போனா மழைக்காலம் முடியும்போது நான் மொட்டையாத்தான் நிப்பேன்” என்றது முயல்.

மலையணில் குறும்பாக ஒரு வேலை கேட்டது. “முயல் வீட்டுக்குச் சொல்லி அனுப்பு. அம்மா கூப்பிடுறாங்கன்னு.”

“அம்மாவை வரச் சொல்லு.”

“நான்தான் சொல்றேனே.”

“நீ மலையணில். அதுங்களோட அம்மா முயல்.” ஆமை தட்டவில்லை. குழியில் ஒரு கொட்டை விழுந்தது.

இன்னொரு தடவை ஆமை தட்டியும் நீர்நாய் வரவில்லை. கேட்டவரிடம் ஆமை, “நீர்நாய் இல்லை. வேற வழி பாரு” என்று சொல்லிவிட்டது. அதற்கும் ஒரு கொட்டை.

“உங்க வீட்டுச் சத்தத்தை ஆமைக்குச் சொல்லிக் குடுங்கண்ணே. அவசரத்துக்கு உதவும்” என்று மலையணில் முள்ளம்பன்றியிடம் சொன்னது.

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. “வேண்டாம். என்கிட்ட இல்லாததை யாரும் என்கிட்டேருந்து எடுக்க முடியாது.”

பொழுது சாயும்போது ஆமையின் குழியில் பதினான்கு கொட்டை.

மூன்றாம் நாள் கரிச்சான். அதன் வாலில் இரண்டு நீண்ட இறகு, நுனியில் துடுப்புப் போல. எந்தக் குரலையும் ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே திருப்பித் தரும். யாராவது வேலை சொன்னால் பறந்து போகும். சொன்னவர் குரலிலேயே கூப்பிடும். திரும்பி வந்து, கூப்பிடப்பட்டவர் குரலிலேயே பதில் சொல்லும். எதுக்கு என்று கேட்கவில்லை. முடி கேட்கவில்லை. மாட்டேன் என்ற சொல்லே அதன் வாயில் வரவில்லை.

கடைசி வேலையை முள்ளம்பன்றி தானே கொடுத்தது. ஒரு புதருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, குரலை மாற்றி, “மலையணில் வீட்டு வாசல்ல மலையணில் சத்தத்தைக் குடு” என்றது. கரிச்சான் உடனே பறந்தது. மலையணிலின் பெண்டாட்டி, புருஷன் வந்துவிட்டதென்று வெளியே ஓடி வந்து ஏமாந்து நின்றது. எல்லாரும் சிரித்தார்கள்.

முள்ளம்பன்றி புதரைவிட்டு வெளியே வந்தது. “நான் யாருன்னுகூடக் கேட்கலை பாருங்க. இதுதான் வேலை தெரிஞ்ச ஆளு” என்றது.

கரிச்சானின் குழி காலியாக இருந்தது.

ஆனி கடைசியில் எல்லாரும் பாறைக்கு வந்து தங்கள் சத்தத்தைக் கரிச்சானிடம் கொடுத்தார்கள். முள்ளம்பன்றி வால் முட்களை மூன்று தடவை ஆட்டியது. மூச்சு விட்டது. ஒரு தடவை ஆட்டியது. கரிச்சான் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு அலகைத் திறந்தது. கலகல, கலகல, கலகல. ஒரு மூச்சு. கலகல.

அந்த மூச்சைக்கூட அது விட்டிருந்தது. முள்ளம்பன்றிக்கு முதுகில் ஏதோ ஊர்ந்தது போல இருந்தது. ஆனால் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “பிரமாதம்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனது.

ஆடி வந்தது. பனி இறங்கியது. காட்டில் கத்தல் நின்றது. கேட்டவருக்குக் கேட்டது கிடைத்தது. மலையணில் பார்க்கும்போதெல்லாம், “நீங்க தேடிப் பிடிச்ச ஆளு தங்கம் அண்ணே” என்றது. முள்ளம்பன்றி தலையை ஆட்டிக்கொண்டது.

ஆவணியில் ஓடை பெருகியது. கீழ்த்திருப்பத்தில், வேர்களுக்கு நடுவே, நீர்நாய் செத்துக் கிடந்ததை முள்ளம்பன்றி தன் கண்ணால் பார்த்தது.

நான்கு நாள் கழித்துப் பாறைப் பக்கம் போனபோது முயலின் குரல் பனிக்குள் கேட்டது. “கரிச்சான், ஓடை எவ்வளவு ஆழம்னு நீர்நாயைக் கேட்டுச் சொல்லு.”

சிறகடிக்கும் சத்தம். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு பனிக்குள்ளிருந்து ஒரு சீட்டி. நீர்நாயின் சீட்டி. அதைத் தொடர்ந்து நீர்நாயின் ஈரக்குரல்: “முழங்கால் ஆழம்தான். தாராளமா வரலாம்.”

முள்ளம்பன்றிக்கு முட்கள் எல்லாம் எழுந்து நின்றன. ஓடிப் போய் முயலை ஓடைக்கரையில் மறித்துத் திருப்பி அனுப்பியது. பிறகு பாறைக்கு வந்தது.

“நீர்நாய் செத்து நாலு நாள் ஆச்சு. இப்ப பேசினது யாரு?”

“யாரும் பேசலை” என்றது கரிச்சான்.

“அப்புறம் பதில் எங்கேருந்து வந்துச்சு?”

“கேட்டவங்க வெறுங்கையோட போகக் கூடாதுல்ல. அது வழக்கமா என்ன சொல்லுமோ அதைச் சொன்னேன்.” கரிச்சான் குரலில் குற்ற உணர்ச்சி இல்லை. பெருமையும் இல்லை. “ஏன், தப்பா?”

அப்போதே கூட்டம் கூட்டியிருக்க வேண்டும். முள்ளம்பன்றிக்கு அது தெரிந்தது. ஆனால் கூட்டத்தில் என்ன சொல்வது? நான் தேர்ந்தெடுத்த ஆள் சரியில்லை என்றா? பதினான்கு கொட்டை விழுந்த ஆமைதான் சரி என்றா? முயல் சிரிக்கும். இருவாச்சி நாலு நாளைக்கு அதையே பேசும். மழை விடட்டும், பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தது.

மூன்றாம் நாள் காலையில் கிழங்கு தோண்டப் போனது. பனி பால்போலத் திரண்டிருந்தது. கிழங்கைக் கவ்விக்கொண்டு திரும்பும் வழியில், தன் வளை இருக்கும் திசையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது.

கலகல, கலகல, கலகல. ஒரு மூச்சு. கலகல.

முள்ளம்பன்றி அப்படியே நின்றது. தன் வாலைத் திரும்பிப் பார்த்தது. வால் ஆடவில்லை.

அங்கே முன்னால், தன் வீட்டு வாசலில், தான் வந்து நிற்கிறது. இங்கேயும் தான் நிற்கிறது. பனிக்குள் ஒரு கல் உருளும் சத்தம் மெல்லக் கேட்டது.

கிழங்கைப் போட்டுவிட்டு ஓடியது.

வளை திறந்து கிடந்தது. வாசல் சருகின்மேல் ஒரு தடம், மரக்கட்டையை இழுத்துப் போனது போல அகலமாக, வழவழப்பாக, சரிவில் இறங்கிப் போயிருந்தது. தடத்தின் ஓரத்தில் நான்கு முட்கள். இன்னும் கெட்டிப்படாத வெள்ளை முட்கள். மூத்த குட்டியுடையவை.

முள்ளம்பன்றி சரிவின் அடிவரை ஓடியது. அங்கே தடம் தண்ணீருக்குள் போய் முடிந்தது. தண்ணீர் அசையாமல் கிடந்தது. திரும்பி வந்து வளைக்குள் தலையை நுழைத்தது. உள்ளறையின் வாய் சிறியது, குட்டிதான் நுழைய முடியும். அதன் கோடியில் யாரோ மூச்சு விடுவது கேட்டது.

முள்ளம்பன்றி வாலை ஆட்டியது. மூன்று. ஒரு மூச்சு. ஒன்று.

மூச்சுச் சத்தம் நின்றுபோனது.

“பாப்பா, அப்பா வந்திருக்கேன். வெளிய வா.”

“போயிரு” என்றது இளைய குட்டி.

“அப்பாதான்டா.”

“இப்பதான் அப்பா வந்துச்சு. அக்கா கல்லை உருட்டுனா. அது அப்பா இல்லை. நீயும் இல்லை.”

முள்ளம்பன்றி தன் பெயர் சொன்னது. செத்துப்போன தாயின் பெயர் சொன்னது. நேற்றுத் தின்ற கிழங்கைச் சொன்னது. எதைச் சொன்னாலும் சொல்வது ஒரு குரல்தான். குரலை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று குட்டிக்குத் தெரிந்துவிட்டது. தன் வீட்டு வாசலில், தன் பிள்ளையிடம், தான் தான்தான் என்று காட்ட முள்ளம்பன்றியிடம் ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை.

அப்போதுதான் ஆமை கேட்ட முடி நினைவுக்கு வந்தது.

முதுகைத் திருப்பி, பல்லால் கடித்து, ஒரு முள்ளை வேரோடு பிடுங்கியது. அதை உள்ளறையின் வாய்க்குள் தள்ளியது. காத்திருந்தது.

நெடுநேரம் கழித்து உள்ளே முகர்ந்து பார்க்கும் சத்தம் கேட்டது. சின்னக் கை ஒன்று முள்ளை இழுத்துக்கொண்டது. இளைய குட்டி அந்த முள்ளோடு வெளியே வந்தது. வந்து அப்பாவின் கால்களுக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டது. மழைக்காலம் முடியும்வரை அந்த முள்ளைக் கீழே வைக்கவில்லை.

அன்று கூட்டம் கூடியது. கரிச்சான் வந்தது. எல்லாரும் எத்தனை விதமாகக் கேட்டும் ஒரே பதில்தான். “யாரோ கேட்டாங்க. குடுத்தேன். அவ்வளவுதான்.” அதை அடித்துத் துரத்தினார்கள். முதல் கல்லை எறிந்தது முள்ளம்பன்றிதான்.

ஆமையைப் பாறையில் உட்கார வைத்தார்கள். வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. முயல் இன்னும் முணுமுணுக்கிறது. “மறுபடியும் ஒரு முடியா ஆமையக்கா?” ஆமை கேட்பதை நிறுத்தவில்லை.

ஏழு மழைக்காலம் போனது. இளைய குட்டி வளர்ந்து தனக்கென்று ஒரு வளை தோண்டிக்கொண்டது. முள்ளம்பன்றிக்கு உதிர்ந்த முள் திரும்ப முளைப்பது நின்றுபோனது. பக்கத்து மலையில் செத்தவர்கள் குரல் கேட்கிறது, அந்தப் பக்கம் யாரும் போவதில்லை என்று பேசிக்கொண்டார்கள். முள்ளம்பன்றி ஒருநாள் காலையில் அந்த மலைக்கு ஏறியது.

பாதி ஏறும்போதே பனிக்குள் நீர்நாயின் சீட்டி கேட்டது. ஒரு பட்ட மரத்தில் கரிச்சான் தனியாக உட்கார்ந்திருந்தது. வாலில் ஒரு துடுப்பு உதிர்ந்துவிட்டது.

“வாங்க” என்றது கரிச்சான், சொந்தக் குரலில். முள்ளம்பன்றிக்கு அந்தக் குரல் அடையாளம் தெரியவில்லை. அதை அதுவரை காது கொடுத்துக் கேட்டதே இல்லையோ என்று தோன்றியது.

“பாம்பு உனக்கு என்ன தர்றதாச் சொன்னுச்சு?”

“ஒண்ணும் இல்லை. பாம்புன்னே எனக்குத் தெரியாது. புதருக்குப் பின்னால ஒரு குரல். மரியாதையாக் கேட்டுச்சு. ‘முள்ளம்பன்றி வீட்டு வாசல்ல முள்ளம்பன்றி சத்தத்தைக் குடு’ன்னுச்சு. போய்க் குடுத்தேன். உள்ள இருந்து ‘அப்பாவா?’ன்னு ஒரு குட்டிக் குரல் கேட்டுச்சு. அதைச் சொல்லிக் காட்டட்டுமா?”

“வேண்டாம்.”

கரிச்சான் அலகை மூடிக்கொண்டது.

“யாருன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றது முள்ளம்பன்றி.

“பரீட்சை அன்னைக்கு நீங்களும் புதருக்குப் பின்னாலதான் இருந்தீங்க. அப்பவும் நான் கேட்கலை. அதுக்கு நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?” கரிச்சான் தலையைச் சாய்த்தது. பிறகு அதன் அலகிலிருந்து முள்ளம்பன்றியின் குரல் வந்தது. ஏழு வருடத்துக்கு முந்தைய குரல். இரண்டு குட்டிகள் இருந்த குரல். சுற்றியிருந்தவர்களின் சிரிப்புக்கூட அதில் ஒட்டியிருந்தது. “நான் யாருன்னுகூடக் கேட்கலை பாருங்க. இதுதான் வேலை தெரிஞ்ச ஆளு.”

பனி அந்தக் குரலை வாங்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்கியது. தேடி வந்த சதி அந்த மரத்தில் இல்லை. வேலை கொடுத்தவர் எதைப் பாராட்டினாரோ அதை விடாமல் செய்த ஒரு பறவைதான் அங்கே இருந்தது.

வாசலுக்கு ஆள் தேடுகிறவர், அந்த ஆள் எத்தனை தடவை திறந்தார் என்று எண்ணினால் போதாது, எதற்குத் திறக்க மறுத்தார் என்பதைத்தான் முதலில் எண்ண வேண்டும். மஞ்சுச்சோலையில் இப்போது குட்டிகளுக்கு இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். முள்ளம்பன்றி மட்டும் இதை யாருக்கும் சொல்வதில்லை. அந்தக் காலையில், மலையை விட்டு இறங்குமுன், அது கரிச்சானிடம் ஒன்றே ஒன்று கேட்டது:

“அன்னைக்கு அந்தப் புதருக்குப் பின்னால இருந்து நான் கேட்டப்போ, ‘யாரது?’ன்னு நீ கேட்டிருந்தா, உன்னை நான் தேர்ந்தெடுத்திருப்பேனா?”